மாமா என்றால் அப்பா



சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சிறு வழக்கு நடந்தது. தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அங்கேயே எழுதினால் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். நாற்பத்தைந்து நிமிட வரலாற்று வகுப்பைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

என் தம்பியின் பேத்தி ஜார்ஜியாவில் மருத்துவம் படிக்கிறாள். அமெரிக்காவில் உள்ள ஜார்ஜியா அல்ல. கருங்கடலுக்குக் கிழக்கே, காக்கசஸ் மலைகளின் மடியில் இருக்கும் தனி நாடு. தலைநகர் திபிலிசி. இப்போது நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே மருத்துவம் படிக்கப் போகிறார்கள். இவள் ஒரு வீட்டின் மாடியில் தோழிகளோடு வாடகைக்கு இருக்கிறாள். கீழே வீட்டுக்காரர் குடும்பம். அவர்களுக்கு மூன்று வயதில் ஒரு பையன்.

"பெரிய தாத்தா, இங்க ஒரு வேடிக்கை கேளுங்க. அந்தப் பொடியன் தினமும் சாயங்காலம் வாசல்ல நின்னு 'மாமா, மாமா'ன்னு கத்துவான். நான் யாரோ தாய்மாமன் வர்றார்னு நினைச்சேன். பார்த்தா அவங்க அப்பா! அம்மாவை 'தேதா'ங்கிறான். இந்த ஊர்ல அப்பாதான் மாமாவாம்!"

இதை அவள் குழுவில் போட்டதுதான் தாமதம், என் மனைவியின் தம்பி களத்தில் இறங்கிவிட்டார். "அத்தான், பார்த்தீங்களா? மாமா நம்ம சொல். ஜார்ஜியா வரைக்கும் தமிழன் போயிருக்கான். கொரியாவில் அப்பாவை அப்பான்னுதான் கூப்பிடுறாங்க. இதெல்லாம் நம்ம பாடப் புத்தகத்துல ஏன் இல்லை?" என்று கேட்டார். அதற்குப் பதினெட்டுப் பேர் கைதட்டினார்கள். என் பழைய மாணவர்கள் இருவரும் அதில் உண்டு. "சார், நீங்களே வகுப்பில் கொரியா அப்பாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்கள்" என்று ஒருவர் சாட்சியும் சொன்னார்.

சொல்லியிருக்கிறேன், உண்மைதான். அதனால்தான் இந்தப் பதிவை எழுதுவது எனக்குக் கடமையாகிறது.

முதலில் மாமா என்ற ஒலி எங்கெங்கே என்னென்ன வேலை பார்க்கிறது என்று பார்ப்போம்.

நம் திருநெல்வேலிப் பக்கம் அம்மாவின் உடன்பிறந்தவர் மாமா. அத்தையின் கணவரும் மாமா. மனைவியின் அப்பாவும் மாமா. மூன்று பேருக்கு ஒரே சொல் போதுமானதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மாமன் மகளையோ அத்தை மகளையோ மணப்பது நம்மிடம் நெடுநாள் வழக்கம். அந்த வழக்கப்படி மூன்று பேரும் ஒரே ஆளாகவே இருக்கக்கூடும். அக்காள் மகளை மணக்கும் குடும்பங்களில் கணவனையும் மாமா என்றே மனைவி அழைப்பாள். சில வீடுகளில் பக்கத்து வீட்டுப் பெரியவரும் மாமாதான். சென்னைப் பையன்கள் போக்குவரத்துப் போலீஸ்காரரையும் மாமா என்கிறார்கள். அவர் காதில் விழாதவரை.

வடக்கே இந்தியிலும் மாமா உண்டு. அங்கே அம்மாவின் உடன்பிறந்தவர் மட்டுமே மாமா. அத்தையின் கணவர் பூபா, மாமனார் சசுர். முறைப்பெண் என்ற வழக்கமே அங்கே பெரும்பாலும் இல்லாததால் மூன்று ஆட்களுக்கு மூன்று சொற்கள் தேவைப்பட்டன. தமிழும் இந்தியும் வேறு வேறு குடும்ப மொழிகள்தான். ஆனால் நம் மொழிகளும் வடமொழிகளும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவை. இந்த ஒற்றுமையைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. வானத்து நிலவையே இரு பக்கமும் மாமாவாக்கி வைத்திருக்கிறோமே! 1947 ஜூலையில் தெலுங்கில் சந்தமாமாவும் தமிழில் அம்புலிமாமாவும் வெளிவரத் தொடங்கியதை என் வயதுக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

கடல் தாண்டி இலங்கைக்குப் போனால், சிங்களத்தில் மாமா என்று நீட்டிச் சொன்னால் மாமன்தான். ஆனால் குறுக்கி 'மம' என்றால் 'நான்'. நெடிலும் குறிலும் மட்டுமே வித்தியாசம்.

சீனத்தில் மாமா என்றால் அம்மா. அங்கே சுரம் மாறினால் பொருள் மாறும். 'மா' என்று ஒரே அளவில் உயர்த்திச் சொன்னால் தாய். இறக்கி ஏற்றினால் குதிரை. சட்டென்று இறக்கினால் திட்டுதல். கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா, பாபா என்றால் அப்பா. தென் அமெரிக்காவில் இன்கா மக்களின் கெச்சுவா மொழியிலும் மாமா அம்மாதான். அவர்கள் வணங்கும் நிலமகளின் பெயர் பாச்சமாமா. ஆனால் ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், உளுரு என்ற பெரிய செம்பாறை இருக்கும் பகுதியில் வாழும் பிட்ஜன்ஜஜாரா மக்களுக்கு மாமா என்றால் அப்பா. ஜார்ஜியாவிலும் அப்பா.

ஜார்ஜியாவும் மத்திய ஆஸ்திரேலியாவும் ஒன்றையொன்று பார்த்தவையல்ல. இருந்தும் ஒரே சொல், ஒரே பொருள். மைத்துனரின் கணக்குப்படி பார்த்தால், ஜார்ஜியருக்குத் தமிழரைவிட அந்த ஆஸ்திரேலியப் பழங்குடியினர்தான் நெருங்கிய உறவாக வேண்டும்!

இதற்கு விளக்கம் தந்தவர் ரோமன் யாகப்சன். 1896இல் மாஸ்கோவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் நாடு நாடாகத் தப்பி ஓடி, 1941இல் அமெரிக்கா சேர்ந்த மொழியியல் மேதை. 1959இல் ஜார்ஜ் பீட்டர் மர்டாக் என்ற அமெரிக்க மானிடவியலாளர் உலகின் பல மொழிகளிலிருந்து தாய், தந்தையைக் குறிக்கும் 1,072 சொற்களைத் திரட்டியிருந்தார். தாய்க்கு 531, தந்தைக்கு 541. தாயைக் குறிக்கும் சொற்களில் 55 விழுக்காடு ம, ந, ஞ, ங போன்ற மூக்கொலிகளைக் கொண்டவை. தந்தைக்கானவற்றில் அப்படி 15 விழுக்காடுதான். இது ஏன் என்று யாகப்சன் யோசித்தார்.

விடை குழந்தையின் வாயில் இருந்தது. பால் குடிக்கும் குழந்தையின் உதடுகள் மூடியிருக்கும். அந்த நேரத்தில் அது எழுப்பக்கூடிய ஒரே ஒலி மூக்கு வழியாக வரும் 'ம்ம்' என்ற முனகல். பிறகு பசித்தாலும் அதே முனகல். உதடு திறந்தால் 'ம்ம்' என்பது 'மா' ஆகிறது. அதைக் கேட்டதும் பால் கொடுக்க ஓடி வருபவள் தாய். ஆகவே பெரும்பாலான ஊர்களில் அந்த ஒலி அவளுக்கே பெயராகிவிட்டது. மூக்கை விட்டு உதட்டால் மட்டும் எழுப்பும் ப, ப, ப என்பதும், நாக்கு நுனியால் எழுப்பும் த, த, த என்பதும் வீட்டில் உள்ள மற்றவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

நம் வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். குழந்தைக்குச் சோறு 'மம்மு'. ஜப்பானில் குழந்தைச் சோற்றுக்கு 'மம்மா' என்கிறார்கள். பெரியாழ்வார் தாய்ப்பாலை 'அம்மம்' என்று பாடியிருக்கிறார். லத்தீனில் 'மம்மா' என்றால் தாய், மார்பகம் என்று இரண்டு பொருளும் உண்டு. அதை வைத்துத்தான் 1758இல் லின்னேயஸ் பாலூட்டிகளுக்கு 'மம்மாலியா' என்று பெயர் வைத்தார். எந்த மொழியும் எந்த மொழியிடமிருந்தும் இதைக் கடன் வாங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு குழந்தையும் இதைப் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறது.

ஆனால் ஒலியை மட்டும்தான் குழந்தை தருகிறது. அதற்குப் பொருள் சொல்பவர்கள் பெரியவர்கள். தொட்டிலருகே நிற்பவர்கள் "என்னைத்தான் கூப்பிடுகிறான்" என்று மகிழ்ந்துகொள்கிறார்கள். ஜார்ஜியாவில் 'மாமா'வை அப்பாவுக்கும் 'தேதா'வை அம்மாவுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். நாம் 'அம்மா'வை அம்மாவுக்கு வைத்துக்கொண்டு 'மாமா'வை அவளுடைய அண்ணன் தம்பிக்குக் கொடுத்துவிட்டோம். கொரியர்களின் 'அப்பா'வும் இந்த வகைதான். குழந்தை அப்பாவைக் கூப்பிடும் செல்லச்சொல் அது. அவர்கள் மொழியில் தந்தைக்கு முழுச்சொல் 'அபொஜி'.

கொரிய மொழிக்கும் திராவிட மொழிகளுக்கும் உறவு உண்டு என்ற பேச்சு இன்று வாட்ஸ்அப்பில் பிறந்ததல்ல. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் சியோலில் ஆசிரியராக இருந்தவர். 1905இல் இரண்டையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். பின்னாளில் ஜப்பானியப் பேராசிரியர் சுசுமு ஓனோ ஜப்பானிய மொழியும் தமிழும் உறவு என்று பல ஆண்டுகள் உழைத்து எழுதினார். இருவரும் நம் மொழிமேல் அன்பு கொண்ட கடும் உழைப்பாளிகள். ஆனாலும் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அவர்கள் முடிவை ஏற்கவில்லை. காரணம் பகையல்ல, சான்று போதவில்லை என்பதுதான்.

அப்படியானால் எது சான்று? ஒரு சொல் ஒத்திருப்பது சான்றல்ல. ஒழுங்கு ஒத்திருப்பதே சான்று. தமிழையும் கன்னடத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். பால் அங்கே ஹாலு. பல் ஹல்லு. புலி ஹுலி. பத்து ஹத்து. பூ ஹூ. தமிழில் சொல் 'ப'வில் தொடங்கினால் கன்னடத்தில் 'ஹ'வில் தொடங்கும். பழங்கன்னடக் கல்வெட்டுகளைப் பார்த்தால் அவர்களும் ஒரு காலத்தில் 'ப' என்றே சொல்லியிருக்கிறார்கள் என்று தெரியும். இன்னொன்று: தமிழ் 'செவி' கன்னடத்தில் 'கிவி'. ஒலியில் அவ்வளவாக ஒட்டவில்லை. ஆனால் நம் 'சேரி' அங்கே 'கேரி' ஆவதைப் பார்த்தால் இதிலும் ஓர் ஒழுங்கு தெரிகிறது. உறவுள்ள சொற்கள் பல நேரம் முகத்தில் ஒத்திருக்காது. ஒத்திருக்கும் சொற்கள் பல நேரம் உறவாக இருக்காது.

இப்படி ஒழுங்கைப் பார்த்துத்தான் 1816இல் சென்னையில் எல்லிஸ் துரை, தென்னாட்டு மொழிகள் சமஸ்கிருதத்தில் பிறந்தவையல்ல, தமக்குள் உறவுள்ள தனிக் குடும்பம் என்று எழுதினார். 1856இல் கால்டுவெல் அதை விரிவாக நிறுவினார். நம் மொழியின் தனித்தன்மையை உலகுக்குக் காட்டிக்கொடுத்ததே இந்த முறைதான். நமக்குச் சாதகமாக இருக்கும்போது அந்தத் தராசைக் கொண்டாடிவிட்டு, கொரியாவையும் ஜார்ஜியாவையும் அளக்கும்போது அதைத் தூக்கி எறிந்தால் நியாயமாகுமா?

அதே தராசில் ஜார்ஜிய மொழியை வைப்போம். கை அங்கே ஹேலி. கண் த்வாலி. நீர் த்ஸ்காலி. ஒன்று ஏர்த்தி, இரண்டு ஓரி, மூன்று சாமி. ஒட்டவே இல்லை. 'ஓரி' மட்டும் நம் 'ஓர்' போல ஒலிக்கிறது. ஆனால் அவர்களுக்கு அது இரண்டு! வீட்டு வாடகைப் பேச்சில் இது நினைவிருக்கட்டும் என்று பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன்.

இதற்கெல்லாம் சிகரம் ஒன்று உண்டு. 1960களில் டிக்சன் என்ற இளம் மொழியியலாளர் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் அழிந்துகொண்டிருந்த பழங்குடி மொழிகளைப் பதிவு செய்யப் போனார். ம்பாபரம் என்ற மொழி தெரிந்த ஆல்பர்ட் பென்னட் என்ற முதியவரைத் தேடிப் பிடித்தார். நாய்க்கு உங்கள் மொழியில் என்ன சொல் என்ற பேச்சு வந்தபோது பெரியவர் சொன்ன விடை 'டாக்'! தாய்மொழி மறந்துபோய் ஆங்கிலச் சொல்லைச் சொல்கிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அவர் சொன்னது சுத்தமான ம்பாபரம். அக்கம்பக்கத்து மொழிகளில் நாய்க்குச் சொல் 'குடகா'. ம்பாபரத்தில் முன்னெழுத்து உதிர்ந்தது, நடு உயிர் திரிந்தது, கடைசி உயிர் மறைந்தது. மிஞ்சியது 'டாக்'. அந்த மொழியின் மற்றச் சொற்களும் இதே வழியில் தேய்ந்திருந்ததால்தான் இது உறுதியாயிற்று. ஒலியை மட்டும் நம்பியிருந்தால் ஒரு பெரியவரின் மொழியை மறதி என்று ஒதுக்கியிருப்போம்.

இனி, ஜார்ஜியர்களின் 'தேதா'வைப் பற்றிக் கொஞ்சம். அதைச் சொல்லாவிட்டால் அவர்களுக்குச் செய்யும் குறையாகிவிடும். ஜார்ஜிய மொழி ஐரோப்பிய மொழிக் குடும்பத்தையும் சேர்ந்ததல்ல, துருக்கிக் குடும்பத்தையும் சேர்ந்ததல்ல. காக்கசஸ் மலைக்குள்ளேயே நான்கு மொழிகள் கொண்ட சிறு குடும்பம். தனக்கென்று எழுத்து உண்டு. இன்று வழக்கில் 33 எழுத்துகள். அம்மொழியில் பூமி 'தேதாமித்ஸா', அதாவது தாய்மண். தலைநகரம் 'தேதாகலாகி', தாய்நகரம். பழைய வீடுகளில் கூரையைத் தாங்கும் நடுத்தூண் தாய்த்தூண். அப்பாவின் 'மாமா'விலிருந்து பிறந்த 'மாமுலி' என்றால் தந்தைவழி வந்த நிலம், தந்தையர் நாடு. திபிலிசி நகரத்துக் குன்றின்மேல் 'கார்ட்லிஸ் தேதா' என்ற ஜார்ஜியத் தாயின் பெருஞ்சிலை 1958 முதல் நிற்கிறது. நண்பனாக வருபவனுக்கு ஒரு கையில் திராட்சை மதுக் கிண்ணம். பகைவனாக வருபவனுக்கு மறு கையில் வாள்.

தாய்மொழிக்கு அவர்கள் சொல் 'தேதா ஏனா'. ஏனா என்றால் நாக்கு, மொழி. 1876இல் யாகோப் கோகெபாஷ்விலி என்ற ஆசிரியர் குழந்தைகளுக்கு எழுதிய அரிச்சுவடியின் பெயரும் அதுவே. ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் ரஷ்ய மொழியே பள்ளிகளை ஆண்ட காலம் அது. ஒரு வாத்தியார் எழுதிய அந்தச் சின்னப் புத்தகத்தில்தான் தலைமுறை தலைமுறையாக ஜார்ஜியப் பிள்ளைகள் எழுத்துக் கற்றார்கள்.

நூறு ஆண்டுகளுக்குப் பின் அதே சொல் தெருவுக்கு வந்தது. 1978இல் சோவியத் ஜார்ஜியாவுக்குப் புதிய அரசியல் சட்டம் எழுதினார்கள். ஜார்ஜிய மொழிதான் அரசு மொழி என்ற விதியை வரைவிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஏப்ரல் 14ஆம் தேதி திபிலிசியில் ஆயிரக்கணக்கானோர் வீதியில் இறங்கினார்கள். பெரும்பாலோர் மாணவர்கள். சோவியத் ஆட்சியில் அப்படிக் கூடுவது எவ்வளவு ஆபத்து என்று நான் விளக்க வேண்டியதில்லை. அன்று அங்கே கட்சித் தலைவராக இருந்த ஷெவர்ட்நாட்ஸே மாஸ்கோவிடம் பேசினார். அரசு பணிந்தது. மொழியின் விதி சட்டத்தில் திரும்ப ஏறியது. இன்றும் ஏப்ரல் 14 அங்கே தாய்மொழி நாள். நமக்கும் 1938உம் 1965உம் இருக்கின்றன. அந்தப் பையன்களின் மனம் நமக்குப் புரியும்.

அதே திபிலிசித் தெருவில் ஒரு ரஷ்ய வீட்டுக் குழந்தை "மாமா" என்று அழுதால் அம்மா ஓடி வருவாள். பக்கத்து ஜார்ஜிய வீட்டுக் குழந்தை "மாமா" என்று அழுதால் அப்பா வருவார். ரஷ்யக் குழந்தை "தேதா" என்றால் தாத்தா எழுந்து வருவார். ஜார்ஜியக் குழந்தை "தேதா" என்றால் அம்மா. ஒரே தெரு, ஒரே ஒலிகள். அடுத்த வீட்டுக் குழந்தை யாரைக் கூப்பிடுகிறது என்பது அந்த வீட்டைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இவ்வளவு தூரம் வந்தாயிற்று. இனி நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. ஆறாம் வகுப்பு. தமிழாசிரியர் விடுப்பில் இருந்ததால் கட்டுரை வகுப்பு எனக்கு வந்தது. "எனக்கு மிகவும் பிடித்த உறவினர்" என்று தலைப்புக் கொடுத்தேன். காரைக்குடிப் பக்கத்திலிருந்து அந்த ஆண்டுதான் ஒரு பையன் வந்து சேர்ந்திருந்தான். அப்பாவுக்கு வங்கியில் மாற்றல். அவன் எழுதிய கட்டுரை முழுக்க 'ஆயா'. ஆயா தலை சீவிவிடும், ஆயா கதை சொல்லும், ஆயாவோடுதான் தூங்குவேன் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தான்.

எங்கள் ஊரில் பாட்டியை ஆச்சி என்போம். ஆயா என்றால் பள்ளியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மையார். எங்கள் பள்ளியிலும் ஒருவர் இருந்தார். நான் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு, "உறவினரைப் பற்றித்தானே எழுதச் சொன்னேன், ஆயாவைப் பற்றியா எழுதச் சொன்னேன்?" என்று வகுப்பில் உரக்கக் கேட்டேன். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து பள்ளி ஆயா வராந்தாவில் நடந்துபோகும் போதெல்லாம் "டேய், உன் சொந்தக்காரங்க போறாங்க" என்று அவனைக் கேலி செய்தார்கள். அது அந்தப் பையனுக்கு மட்டுமல்ல, அந்த அம்மையாருக்கும் கேட்டிருக்கும்.

இரண்டு நாள் கழித்து ஒரு மூதாட்டி பள்ளிக்கு வந்தார். வெள்ளைப் புடவை, நெற்றியில் திருநீறு. கையில் அந்தக் கட்டுரை நோட்டு. "சார், நான்தான் இவன் ஆயா. இவன் அம்மாவைப் பெத்தவ. எங்க பக்கம் அப்படித்தான் சொல்றது. பிள்ளை நோட்டைக் கிழிச்சுப் போடப் பார்த்தான். நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா சரியாப் போயிடும்" என்றார். கோபமே இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். கட்டுரைக்கு மதிப்பெண்ணும் போட்டேன். ஆனால் அவர் கேட்டது அதுவல்லவே. வகுப்பில் எழுந்து நின்று "நான் சொன்னது தவறு" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இளவயது, வாத்தியார் என்ற மிடுக்கு. அடுத்த ஆண்டு அவன் அப்பாவுக்கு மீண்டும் மாற்றல் வந்து போய்விட்டார்கள்.

பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் இந்தச் சொல்லைத் தேடிப் படித்தேன். 'ஆய்' என்பது பழந்தமிழில் தாய். செட்டிநாட்டு வீடுகளில் அம்மாவைப் பெற்றவர் ஆயா, அப்பாவைப் பெற்றவர் அப்பத்தா. எங்கள் பாட்டியைக் குறிக்கும் 'ஆச்சி' அங்கே மணமான பெண்களை மதிப்போடு அழைக்கும் சொல். வட மாவட்டங்களிலும் சென்னையிலும்கூடப் பாட்டியை ஆயா என்பவர்கள் ஏராளம். எங்கள் ஊருக்குத்தான் அது தெரியவில்லை.

பள்ளிக்கூடத்து ஆயா வேறு கப்பலில் வந்தவர். போர்ச்சுக்கீசிய மொழியில் 'ஆயா' என்றால் பெரிய வீட்டுப் பிள்ளைகளை வளர்க்கும் பெண். ஜன்னல், அலமாரி, சாவி, மேஜை எல்லாம் வந்த அதே வழியில், 1498இல் வாஸ்கோட காமா திறந்துவிட்ட கடல்வழியில், அந்தச் சொல்லும் நம் கரைக்கு வந்தது. பின்னர் வெள்ளைக்காரர் வீடுகளில் குழந்தை வளர்த்த நம் பெண்களுக்குப் பெயரானது. அப்பெண்களைத் துரைசானிகள் கப்பலில் இங்கிலாந்து வரை அழைத்துப் போவார்கள். அங்கே போனதும் சிலரைத் திரும்பி வரக் காசில்லாமல் கைவிட்டும் விடுவார்கள். அப்படித் தவித்த ஆயாக்களுக்காக லண்டனில் ஓர் இல்லமே இருந்தது. முதலில் ஆல்ட்கேட் பகுதியில், 1900 முதல் ஹாக்னி பகுதியில். அந்த வீட்டுச் சுவரில் 2022இல்தான் நினைவுப் பலகை வைத்தார்கள்.

இனி, என்னை உறங்கவிடாத செய்தி. அந்தப் போர்ச்சுக்கீசிய 'ஆயா' எங்கிருந்து வந்தது என்று அகராதியில் பார்த்தேன். லத்தீன் மொழியின் 'அவியா' என்ற சொல்லிலிருந்து என்று போட்டிருந்தது. அவியா என்றால் என்ன பொருள் தெரியுமா? பாட்டி.

தமிழ் ஆயாவுக்கும் லத்தீன் அவியாவுக்கும் உறவு கிடையாது. மேலே சொன்ன தராசில் வைத்தால் நிற்காது. இரண்டும் தனித்தனியே பிறந்து, தனித்தனியே நடந்து வந்து, ஒரு பள்ளி வராந்தாவில் முட்டிக்கொண்ட சொற்கள். ஆனால் நான் அன்று கோடு போட்டு அடித்த பொருள்தான் இரண்டுக்கும் வேரில் இருந்தது. பையனின் ஆயாவும் பாட்டி. பள்ளி ஆயாவின் பெயருக்கும் மூலம் பாட்டி. எங்கள் பள்ளி ஆயாவும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாட்டி போலத்தான் மூக்குத் துடைத்துவிட்டார், சோறு ஊட்டினார். அவரை உறவு என்று சொன்னால் சிரிப்பதற்கு என்ன இருந்தது?

மைத்துனருக்கு என் தீர்ப்பு இதுதான். ஜார்ஜியா மாமாவும் நம் மாமாவும் உறவில்லை. இது நமக்குக் குறைவுமில்லை. தமிழுக்குப் பெருமை சேர்க்க ஒரு ஜார்ஜியக் குழந்தையின் அப்பாவைக் கடன் வாங்க வேண்டிய நிலையில் நாம் இல்லை. கொரியா அப்பாவை வைத்து நான் வகுப்பில் சொன்னதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அன்று நோட்டில் எழுதிவைத்தவர்கள் அடித்துவிடவும். பேத்திக்கு ஒரு வேண்டுகோள்: அந்தப் பொடியனிடம் உங்கள் மாமா எங்கள் ஊரில் யார் என்று சொல்லிக்கொடு. அவர்கள் மொழியில் மாமனுக்கு 'பித்ஸா' என்று பெயர். அதையும் கற்றுக்கொள்.

காரைக்குடியிலிருந்து வந்து என் ஆறாம் வகுப்பில் ஓராண்டு படித்த அந்த மாணவருக்கு இன்று ஐம்பது வயது தாண்டியிருக்கும். அன்று உடன் படித்தவர்கள் சிலர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். அவரோடு யாருக்காவது தொடர்பு இருந்தால் இதைக் காட்டுங்கள். உங்கள் ஆயா என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார். நான் தரவில்லை. இப்போது அதே வகுப்புத் தோழர்கள் முன்னிலையில் சொல்கிறேன்: தம்பி, நீ எழுதியது சரி. நான் போட்ட கோடுதான் தப்பு.

மற்றவர்கள் உங்கள் ஊரில் பாட்டியை, மாமாவை, அத்தையை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கீழே எழுதுங்கள். ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கக் கூடாது. அது மட்டும் வகுப்பு விதி.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்